ஓக் மரத்துக்கு அடியில தோண்டினா வெறும் மண்ணுதான்: மைன்கிராஃப்ட்ல நிஜமான வேர் வைக்கிறது எப்படி

எல்லாமே கனசதுர பிளாக்கால ஆன மைன்கிராஃப்ட்ங்கிற வீடியோ கேம்ல ஒரு ஓக் மரத்துக்குப் பக்கத்துல நின்னு நேரா கீழ தோண்டிப் பாருங்க. அடிமரத்துக்குக் கீழ மூணு நாலு பிளாக் மண்ணு, அப்புறம் கல்லு வந்துடும். வேர்னு ஒண்ணு கிடையவே கிடையாது. மேல இலை இருக்கு, கிளை இருக்கு, சில மரத்துல தேன்கூடு கூட இருக்கு, ஆனா தரைக்குக் கீழ ஒண்ணுமில்லாம கம்பம் நட்டு வச்ச மாதிரி நிக்குது. மரத்தோட பாதி வாழ்க்கை மண்ணுக்குள்ளதான நடக்குது, அதனால எனக்கு இது ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

கேம்ல வேரே இல்லன்னும் சொல்லிட முடியாது. அசேலியாங்கிற பூ மரத்துக்கு அடியில வேர் ஓடின மண்ணு குகை வரைக்கும் இறங்கும், குகைக் கூரையில வேர் தொங்கும். 2022 ஜூன்ல வந்த 1.19 அப்டேட்ல அலையாத்தி மரம் சேர்த்தாங்க, பிச்சாவரத்துல படகுல போனவங்க பார்த்திருப்பீங்களே, தண்ணிக்கு மேல கால் ஊனி நிக்கிற அந்த மாதிரி வேரோட. அந்த வேரை கேம் வைக்கிற முறை எனக்கு ரொம்பப் பிடிச்சது: முதல்ல கணக்குல மட்டும் ஒவ்வொரு வேரையும் கீழயும் பக்கவாட்டுலயும் நடக்க விட்டுப் பாக்குது, எல்லாம் சரியா இறங்கினா மட்டும்தான் பிளாக் வைக்குது, இல்லன்னா அந்த இடத்துல மரமே வராது. ஓக், பிர்ச், ஸ்ப்ரூஸ் மரங்களுக்கும் மோட் (கேமை நம்ம இஷ்டத்துக்கு மாத்துற துணை நிரல்) எழுதி வேர் வைக்கணும்னா இந்த நடக்க விடுற யோசனையிலேருந்துதான் ஆரம்பிக்கணும்.

ஆனா முதல்ல ஒரு தப்பைத் தவிர்க்கணும். வேர்னதும் எல்லாருக்கும் தோணுறது மேல இருக்கிற கிளையை அப்படியே தலைகீழா கவுத்து மண்ணுக்குள்ள வைக்கலாம்னுதான். பாடப்புத்தகப் படத்துல அழகா இருக்கும், நிஜம் அது இல்ல. பெரும்பாலான மரங்களுக்கு வேர்ல முக்கால்வாசிக்கு மேல முதல் ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளயே இருக்கும், ஏன்னா காத்தும் சத்தும் மழைத்தண்ணியும் அங்கதான் கிடைக்குது, வேரும் மூச்சு விடணும்ல. ஆழத்துக்குப் பதிலா அகலத்துல ஓடும், கிளை விரிஞ்சிருக்கிற எல்லையைத் தாண்டியும் போகும். புயல்ல சாஞ்ச பெரிய மரத்தோட அடியைப் பாருங்க, தட்டு மாதிரி தட்டையா இருக்கும். இங்கதான் ஒரு நல்ல விஷயம், கேம்ல புல்லுக்குக் கீழ மண்ணு ரொம்ப கம்மின்னு குறைபட்டுக்கிறோமே, ஒரு பிளாக் ஒரு மீட்டர், அப்போ மூணு நாலு மீட்டர் மண்ணுன்னா பக்கவாட்டு வேருக்கு அது தாராளம்.

சரி, வேர் எந்தப் பக்கம் போறதுன்னு எப்படி முடிவு பண்ணுது? வேர் நுனியில ஒரு சின்னத் தொப்பி இருக்கு, அதுக்குள்ள இருக்கிற செல்கள்ல கனமான ஸ்டார்ச் துகள்கள் பாட்டில்ல போட்ட மணல் மாதிரி எப்பவும் அடிப்பக்கம் போய் உக்காந்துக்கும். வேர் படுக்கையா சாஞ்சிருந்தா துகளும் பக்கச்சுவர்ல போய் விழும், உடனே ஆக்சின்ங்கிற ஹார்மோன் கீழ்ப்பக்கம் அதிகமா சேரும், வேர்ல ஆக்சின் கூடினா வளர்ச்சி குறையும், அப்போ மேல்பக்கம் வேகமாவும் கீழ்ப்பக்கம் மெதுவாவும் நீண்டு வேர் தானா கீழ வளைஞ்சிடும். நுனிதான் திசையை உணருதுன்னு சார்லஸ் டார்வினும் அவரோட மகன் ஃபிரான்சிஸும் 1880லயே எழுதி வச்சிட்டாங்க. பக்கவேர்கள்ல இந்த இழுப்பு கம்மியாத்தான் வேலை செய்யும், அதனாலதான் அது சாய்வாவே போகுது. ஈரமும் அப்படித்தான், ரொம்ப தூரத்துல இருக்கிற கிணத்தை வேர் மோப்பம் பிடிச்சு வராது, நுனியோட ரெண்டு பக்கமும் இருக்கிற ஈர வித்தியாசம்தான் அதுக்குத் தெரியும்.

இதை அப்படியே மார்க் போடுற கணக்கா மாத்திடலாம். அடிமரத்துலேருந்து அஞ்சாறு நுனிகளை விடுங்க, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் பக்கத்து பிளாக்கை மட்டும் பாக்கட்டும். நேரா போனா 3, மண்ணுன்னா 2, சரளைன்னா 1, கல்லுன்னா போகவே கூடாது, தண்ணி ஒட்டியிருந்தா 2 கூட, கீழ இறங்கினா பக்கவேருக்கு 1. இப்போ நுனிக்கு முன்னாடி கல்லு வந்துடுச்சுன்னு வைங்க. இடதுல தண்ணி ஒட்டின மண்ணு, 4 மார்க். வலதுல வெறும் மண்ணு, 2. கீழ மண்ணு, 3. அதிக மார்க் வாங்கினதையே எப்பவும் எடுத்தா வேர் எல்லாம் ஒரே பக்கம் குவிஞ்சு போயிடும், அதனால சீட்டுக் குலுக்கல் மாதிரி ஒம்பதுல நாலு பங்கு வாய்ப்பு இடதுக்கு, மூணு கீழ, ரெண்டு வலதுக்குன்னு விட்டுடணும். இந்த ஒரு மாத்தத்துல வேர் உயிரோட இருக்கிற மாதிரி ஆயிடும்.

மூலைக்கு மூலை தாவ விடாதீங்க. ரெண்டு பிளாக் ஓரத்துல மட்டும் தொட்டுக்கிட்டா தோண்டிப் பாக்கும்போது வேர் அறுந்த மாதிரி தெரியும், முகத்தோட முகம் ஒட்டணும்.

பருமன்தான் உண்மையிலேயே கஷ்டம், ஏன்னா ஒரு மீட்டர் பிளாக்ல விரல் தடி வேரைக் காட்டவே முடியாது. இதுக்கு 1964ல ஜப்பான்ல ஷினோசாக்கி குழு சொன்ன குழாய் மாடல் கை கொடுக்குது: ஒவ்வொரு இலைத் தொகுதிக்கும் ஒரு மெல்லிசான குழாய் இருக்கு, அந்தக் குழாய்க் கட்டுதான் அடிமரம்னு நினைச்சுக்கோங்க. அதையே வேருக்கும் வச்சு, ஒவ்வொரு நுனிக்கும் 1னு குடுத்து அடிமரத்தை நோக்கிக் கூட்டிக்கிட்டே வரணும். 6க்கு மேல போனா முழு மரக்கட்டை, 3லேருந்து 6 வரைக்கும் வேலிக்கம்பு மாதிரி ஒல்லி பிளாக், அதுக்கும் கீழன்னா மண்ணையே வேர் ஓடின மண்ணா மாத்திட்டா போதும்.

நீளத்துக்கு ஒரு எல்லை வேணும். கேம் உலகம் 16க்கு 16 பிளாக் அளவுள்ள துண்டு துண்டா உருவாகுது, ஒரு துண்டுக்கு சங்க்னு பேரு, மரம் வைக்கிற நேரத்துல பக்கத்து சங்க் வரைக்கும்தான் கை நீட்டலாம், அதனால எந்த வேரும் 16 பிளாக்கைத் தாண்டக் கூடாது.

கடைசியா, மரத்தை வெட்டினா வேர் என்ன ஆகணும்? கேம்ல இலை ஒவ்வொண்ணும் கட்டையிலேருந்து எவ்வளவு தூரம்னு எண்ணி வச்சிருக்கும், 6க்கு மேல போனா உதிர்ந்துடும். வேரும் அதே மாதிரி அடிக்கட்டையிலேருந்து எண்ணட்டும், ஆனா மெதுவா மக்கணும். ஜாவா எடிஷன்ல (கம்ப்யூட்டர்ல ஆடுற மைன்கிராஃப்ட் வடிவம்) 4096 பிளாக் இருக்கிற ஒரு பகுதியில நொடிக்கு 60 பிளாக்கை ராண்டமா தொடுறதால ஒரு பிளாக்குக்கு சராசரியா 68 நொடிக்கு ஒருமுறை முறை வரும், அதுல இருபதுல ஒரு தடவை மக்கட்டும்னு வச்சா சுமார் 23 நிமிஷம், கேம் கணக்குல ஒரு நாளை விட கொஞ்சம் கூட. மக்கின இடத்தை சாதா மண்ணா ஆக்காம லேசா நிறம் மாறின மண்ணா விட்டு, அதுக்கு 1 மார்க் கூடக் குடுத்துடுங்க. நிஜக் காட்டுலயும் பழைய வேர் மக்கிப் போன ஓட்டையில புது வேர் சுலபமா இறங்கும், அதனால வெட்டின இடத்துலயே மறுபடி ஒரு கன்னு நட்டா அதோட வேர் பழைய மரம் போன பாதையிலயே பாதி தூரம் போறதைத் தோண்டிப் பாக்கலாம்.