ஸ்பிளிட் ரெக்கார்டு: தமிழில் ‘பகிர்தட்டு’

ஒரே இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஒரு குழுவின் பாடல்களும் மறுபக்கத்தில் வேறொரு குழுவின் பாடல்களும் இருந்தால், அதை ஆங்கிலத்தில் ‘ஸ்பிளிட் ரெக்கார்டு’ என்கிறார்கள். ஏழு அங்குலச் சிறுதட்டு என்றால் ஸ்பிளிட் சிங்கிள், பன்னிரண்டு அங்குலப் பெருந்தட்டு என்றால் ஸ்பிளிட் எல்பி. பேச்சில் வெறும் ‘ஸ்பிளிட்’ என்றாலே போதும், புரிந்துவிடும். இரண்டு குழுக்களும் சேர்ந்து வாசித்த பதிவு அல்ல இது. அவரவர் பாடலை அவரவர் பதிவு செய்கிறார்கள். தட்டு மட்டும் ஒன்று.

வேகமும் கலகமும் நிறைந்த ராக் இசை வகையான பங்க் இசையைப் பற்றித் தமிழில் எழுதும்போது இதைப் ‘பிளவு இசைத்தட்டு’ என்று பெயர்த்துவிட்டால், படிப்பவர் குழு உடைந்துபோனதாகவே எண்ணுவார். நாளிதழ் படித்துப் பழகிய நமக்குப் பிளவு என்றதும் கட்சிப் பிளவுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்திலும் ஒரு குழு கலைந்தால் அதே ‘ஸ்பிளிட்’தான் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. ஆனால் இந்த வகைத் தட்டில் நடப்பது உடைவுக்கு நேர் எதிரானது. அதை விளக்க, பெண்ணிய பங்க் வரலாற்றில் மிக முக்கியமானது என்று நான் கருதும் ஒரு தட்டை எடுத்துக்கொள்கிறேன்.

1993இல் வெளிவந்தது அந்த எல்பி. ஒரு பக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஒலிம்பியா நகரத்துக் குழுவான பிகினி கில். மறுபக்கத்தில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்துக் குழுவான ஹக்கி பேர். பிகினி கில் தன் பக்கத்துக்கு வைத்த பெயர் ‘யே யே யே யே’. ஹக்கி பேர் வைத்தது ‘அவர் டிரபுள்ட் யூத்’, அதாவது ‘எங்கள் கலங்கிய இளமை’. அமெரிக்காவில் கில் ராக் ஸ்டார்ஸ் நிறுவனமும், பிரிட்டனில் லிஸ் நெய்லர் நடத்திய கேட்கால் நிறுவனமும் இதை வெளியிட்டன. ஆக ஒரு தட்டுக்கு இரண்டு குழுக்கள், இரண்டு தலைப்புகள், இரண்டு நாடுகள், இரண்டு வெளியீட்டாளர்கள். இதில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று கேட்டால் விடை இல்லை. வழக்கமான சிங்கிளில் ஏ பக்கம் என்பது வானொலிக்கு அனுப்பும் பாடல், பி பக்கம் என்பது கூடவே போகும் பாடல். அந்த ஏற்றத்தாழ்வு இந்த வடிவத்தில் இல்லை.

பிகினி கில் 1990இல் தொடங்கியது. கேத்லீன் ஹன்னா பாடினார், டோபி வேல் டிரம்ஸ், கேத்தி வில்காக்ஸ் பேஸ், பில்லி கேரன் கிட்டார். மூன்று பெண்கள், ஓர் ஆண். 1991இல் அவர்களே ஒரு கேசட்டை வெளியிட்டார்கள். 1992இல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு, சில பாடல்கள் மட்டும் அடங்கிய இசைத்தட்டு வந்தது. அதன் பின் வந்ததுதான் நாம் பேசும் தட்டு. முழு நீள இசைத்தொகுப்பு ஒன்றை வெளியிடுவதற்கு முன்பே, தங்கள் தட்டின் பாதியை வேறொரு குழுவுக்குக் கொடுத்தவர்கள் இவர்கள்.

ஹன்னாவுக்கு இந்த வடிவம் புதிதல்ல. ஸ்லிம் மூன் 1991இல் ஒலிம்பியாவில் தொடங்கிய கில் ராக் ஸ்டார்ஸ் நிறுவனத்தின் முதல் வெளியீடே ஏழு அங்குல ஸ்பிளிட்தான். அதில் பாட்டு கிடையாது. ஒரு பக்கத்தில் ஹன்னா தன் எழுத்தைப் பேச்சாகவே பதிவு செய்திருந்தார், மறுபக்கத்தில் ஸ்லிம் மூன். எழுத்தாளர் கேத்தி ஆக்கர் ஹன்னாவிடம், நீ சொல்வதைப் பலர் கேட்க வேண்டுமென்றால் மேடைப் பேச்சை விட்டு ஓர் இசைக்குழுவைத் தொடங்கு என்று சொன்னாராம். ஹன்னாவே பல முறை சொல்லியிருக்கும் செய்தி இது. அவர் குழுவைத் தொடங்கினார். ஆனால் பேச்சுக்கு உதவிய பங்கிடும் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மறுபக்கத்து ஹக்கி பேர் 1991இல் உருவானது. ஆண்களும் பெண்களும் கலந்த குழு. 1993 பிப்ரவரியில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியின் ‘தி வேர்ட்’ நிகழ்ச்சியில் பாடி முடித்த பின், அதே நிகழ்ச்சியில் பெண்களைக் காட்டிய விதத்தை எதிர்த்து அரங்கிலேயே குரல் எழுப்பி, நண்பர்களோடு வெளியேற்றப்பட்டார்கள். அடுத்த மாதமே பிகினி கில் பிரிட்டனுக்கு வந்தது. இரு குழுக்களும் ஒன்றாக ஊர் ஊராகச் சென்று பாடின. தட்டில் முதுகோடு முதுகாக இருந்தவர்கள் மேடையில் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அந்தப் பயணத்தை லூசி தேன் ஓர் ஆவணப்படமாகவும் எடுத்திருக்கிறார்.

இன்று பிகினி கில் என்றதும் எல்லோரும் சொல்லும் பாடல் ‘ரெபெல் கேர்ள்’. கலகக்காரி என்று தமிழில் சொல்லலாம். ஒரு பெண் இன்னொரு பெண்ணை வியந்து, அவளுடைய தோழியாக விரும்பிப் பாடுவது. அந்தப் பாடல் பதிவாக முதலில் வெளிவந்தது இந்தப் பாதித் தட்டில்தான். பிறகு அதே 1993இல் அவர்களுடைய முழு இசைத்தொகுப்பிலும், ராக் பாடகி ஜோன் ஜெட் தயாரித்த சிங்கிளிலும் வேறு வேறு பதிவுகளாக வந்தது. ஜோன் ஜெட் தயாரித்த பதிவு துலக்கமானது, ஒலி நிறைந்தது. பாதித் தட்டில் உள்ள பதிவு கரடுமுரடானது. ஆனாலும் எனக்கு அதுதான் பிடிக்கும். எதற்காக, யாருக்காகப் பாடுகிறோம் என்பது அந்தப் பதிவில் மறைக்கப்படாமல் கேட்கிறது.

இனி சொல்லின் வேருக்கு வருவோம். ‘ஸ்பிளிட்’ 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. முதலில் கடலோடிகளின் சொல்லாக இருந்தது. புயலில் சிக்கிய கப்பல் பாறையில் மோதி உடைவதைக் குறித்தது. பிறகு மரம் பிளப்பது, கருத்து வேறுபட்டுப் பிரிவது என்று விரிந்தது. அதோடு நிற்கவில்லை. கிடைத்த பணத்தைப் பங்கிட்டுக்கொள்வதும், உணவகத்தில் ஆளுக்குப் பாதியாகக் கட்டணம் கொடுப்பதும் ஆங்கிலத்தில் ஸ்பிளிட்தான். ஒரே சொல் உடைவையும் சுமக்கிறது, பங்கீட்டையும் சுமக்கிறது. இசைத்தட்டுக்கு வந்தபோது இரண்டாவது பொருளே பொருந்துகிறது.

தட்டுக்கு இரண்டு பக்கம் வந்த பிறகுதான் இப்படி ஒரு பங்கீடு நடக்க முடியும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கிராமபோன் தட்டில் ஒரு பக்கம்தான் பதிவு இருந்தது. ஓடியான் போன்ற நிறுவனங்கள் இருபக்கத் தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தன. 1948இல் கொலம்பியா நிறுவனத்தின் எல்பி வந்தது. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய இருபது நிமிடம் பிடிக்கும். குறுகிய, வேகமான பாடல்களைப் பாடும் பங்க் குழுவுக்கு அதுவே தாராளம். வாஷிங்டன் டி.சி.யின் டிஸ்கார்டு நிறுவனம் 1982இல் ஃபெய்த், வாய்டு என்ற இரு குழுக்களை ஒரே எல்பியில் வெளியிட்டது. பங்க் ரசிகர்கள் ஸ்பிளிட் என்றதும் முதலில் எடுத்துக்காட்டும் தட்டுகளில் அதுவும் ஒன்று. 1988இல் சியாட்டிலின் சப் பாப் நிறுவனம் மட்ஹனி, சோனிக் யூத் குழுக்களை ஒரு சிங்கிளில் சேர்த்தபோது, ஒரு குழுவின் பாடலை மற்றக் குழு பாடியது.

சிறிய நிறுவனங்கள் இந்த வடிவத்தை விரும்பியதற்குக் காரணம் எளிது. தட்டு அச்சிடும் செலவு பாதியாகிறது. போதுமான பாடல்கள் இல்லாத புதுக் குழுவும் எல்பி வெளியிட முடிகிறது. ஒரு குழுவைத் தேடி வாங்கியவர் மறுபக்கத்தைத் திருப்பிப் போடும்போது, பெயரே கேள்விப்படாத இன்னொரு குழுவைக் கேட்கிறார். பிரைட்டனில் ஹக்கி பேரை விரும்பிய பெண்ணுக்கு ஒலிம்பியாவின் குரல் வீட்டுக்கே வந்துவிடுகிறது.

இந்த இரு குழுக்களும் சேர்ந்திருந்த, ரயட் கேர்ள் என்று அறியப்பட்ட பெண்ணிய பங்க் இயக்கத்துக்கு இது செலவுக் கணக்கைவிடப் பெரிய விஷயம். பெரிய பத்திரிகைகள் அவர்களைக் கேலியாகவும் தவறாகவும் எழுதியதால், 1992இல் அவ்வியக்கத்துப் பெண்கள் பலர் பத்திரிகைகளோடு பேசுவதையே நிறுத்தினார்கள். எஞ்சியவை தாங்களே நகலெடுத்துத் தைத்த சிறுபத்திரிகைகள், கடிதங்கள், நிகழ்ச்சிகள், இசைத்தட்டுகள். நிகழ்ச்சிகளில் ஹன்னா பெண்களை மேடைக்கு முன்னால் வரச் சொல்வார். முரட்டுத்தனமாக மோதி ஆடும் ஆண்கள் நடுவே பின்சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு முன்வரிசை கிடைத்தது. மேடை முன் இடம் கொடுப்பதும் தட்டில் ஒரு பக்கத்தைக் கொடுப்பதும் ஒரே மனத்திலிருந்து வருபவை.

தமிழில் என்ன சொல்வது? பிளவு என்ற சொல்லை முற்றாகத் தள்ள முடியாது. வெற்றிலைத் தட்டில் வைக்கும் பாக்குத் துண்டுக்கும் பிளவு என்றே பெயர். பாதி, துண்டு என்ற நல்ல பொருள் அதற்கு உண்டு. ஆனால் அந்தப் பொருள் இன்று பேச்சில் மங்கிவிட்டது. ‘பாகம்’ என்று தொடங்கினால் பாகப் பிரிவினைப் பத்திரம் நினைவுக்கு வரும். அங்கே ஒரு வீடு இரண்டாகிறது, இங்கே இரண்டு வீட்டார் ஒரு கூரைக்குள் வருகிறார்கள். ‘கூட்டு இசைத்தட்டு’ என்றால் இருவரும் சேர்ந்து வாசித்த பதிவாகிவிடும். ‘தொகுப்பு’ என்றால் பல குழுக்களின் பாடல்களை ஒருவர் தேர்ந்தெடுத்துக் கோத்ததாகிவிடும். ‘பங்குத் தட்டு’ பொருளில் சரிதான், ஆனால் பங்குச் சந்தை குறுக்கே வந்து நிற்கிறது.

‘பகு’ என்ற வேரைப் பாருங்கள். பகுதி, பகுப்பு, பகிர்வு எல்லாம் அதன் வழி வந்தவை. ‘பகுத்துண்டு’ என்கிறது குறள். பகுத்து உண்பதையே ‘பாத்தூண்’ என்று இன்னோர் இடத்தில் சொல்கிறது. பிளப்பதற்கு எதிரே ஆள் வேண்டியதில்லை, ஒரு கோடரி போதும். பகிர்வதற்கு வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். ஸ்பிளிட் ரெக்கார்டின் இயல்பு இந்த இரண்டாவது வகை.

ஆகவே ‘பகிர்தட்டு’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. பகிர்ந்த தட்டு, பகிர்கின்ற தட்டு, பகிரும் தட்டு என்று மூன்று காலத்துக்கும் விரியும். வினைத்தொகையில் வல்லெழுத்து மிகாது என்பதால் ‘பகிர்த்தட்டு’ என்று ஒற்று இட்டு எழுத வேண்டாம். இசைத்தட்டு, ஒலித்தட்டு, குறுந்தட்டு என்று ‘தட்டு’ ஏற்கெனவே தமிழில் நிலைபெற்ற சொல். சமூக ஊடகங்களில் ‘பகிர்’ என்ற பொத்தானைத் தினமும் அழுத்துகிறோமே, குழம்பாதா என்று கேட்கலாம். அந்தப் பகிர்வில் ஒருவருடையதை மற்றவர் பரப்புகிறார். தட்டு என்று அடுத்து வரும்போது அந்தப் பொருள் விலகிவிடும். சிங்கிளுக்குச் சிறு பகிர்தட்டு, எல்பிக்குப் பெரும் பகிர்தட்டு. பேசுபவர்கள் ஸ்பிளிட் என்றே சொல்லட்டும், அதில் தவறில்லை. எழுதும்போது முதல் முறை இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டால் அடுத்து பகிர்தட்டு மட்டும் போதும்.

இந்த வடிவம் தட்டின் உடலோடு பிணைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1994இல் பிகினி கில்லின் முதல் இரண்டு தட்டுகளும் ஒரே குறுந்தட்டில் வந்தன. குறுந்தட்டில் வாசிக்கும் பக்கம் ஒன்றுதான், திருப்பிப் போட முடியாது. பகிர்தட்டிலிருந்து பிகினி கில்லின் பாதி மட்டும் அதில் ஏறியது. 2014இல் குழு தன் சொந்த நிறுவனத்தின் வழியாக ‘யே யே யே யே’வைத் தனி வினைல் தட்டாக மீண்டும் வெளியிட்டபோது, ஹக்கி பேர் இருந்த பக்கத்தில் பிகினி கில்லின் வெளிவராத பதிவுகள் இடம்பெற்றன. அவற்றைக் கேட்கக் கிடைத்தது மகிழ்ச்சிதான். ஆனால் அது வேறு தட்டு, அதைப் பகிர்தட்டு என்று குறிப்பிடுவது பிழை. இணையத்தில் கேட்பவர்களுக்கும் பெரும்பாலும் ஒரு பாதி மட்டுமே கண்ணில் படுகிறது. ஹக்கி பேர் 1994இலேயே கலைந்துவிட்டது. 2019இல் மேடைக்குத் திரும்பிய பிகினி கில்லின் புகழோடு ஒப்பிட்டால், இன்று அவர்கள் பெயர் அறிந்தவர்கள் குறைவு.

எனவே குறிப்பு எழுதுபவர்கள் இரண்டு பெயரையும் விடாமல் எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவே சாய்கோடு இடுவது வழக்கம், ‘மற்றும்’ என்று எழுதினால் கூட்டுப் பதிவாகத் தோன்றும். ‘பிகினி கில் / ஹக்கி பேர், பெரும் பகிர்தட்டு, 1993’ என்று எழுதலாம், ‘ஹக்கி பேர் / பிகினி கில்’ என்றும் எழுதலாம், இரண்டும் சரி.