கிரீன் கார்டு வரிசையில் பிள்ளைக்கு 21 ஆகும்போது

“ஐ-140 அப்ரூவ் ஆகிவிட்டது, பையனும் அதில் சேர்த்திதானே?” என்னிடம் வரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகின்றன. ஐ-140 என்பது ஊழியரின் கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு. அமெரிக்காவில் இமிக்ரேஷன் வழக்குகள் பார்க்கும் எனக்கு, இதற்குப் பதில் சொல்வது ஒவ்வொரு முறையும் சங்கடம். சேர்த்திதான், ஆனால் 21 வயது வரைக்கும்தான். அதற்குள் உங்கள் முறை வராவிட்டால் உங்களுக்கு வரிசை தொடரும், பிள்ளைக்கு முடிந்துவிடும். ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான ஹெச்-4 விசாவும் அன்றோடு சரி.

வேலைவழி கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. குடும்பத்தாரும் இந்தக் கணக்குக்குள்தான். ஒரு நாட்டுக்குப் பொதுவாக 7 சதவீதம்தான் என்பதால், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இபி-2, இபி-3 என்ற வேலைவழிப் பிரிவுகளில் காத்திருப்பு பத்து ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. ஐந்து வயதில் வந்து, இங்கேயே பள்ளி முடித்து, சென்னையைக் கோடை விடுமுறையில் மட்டும் பார்த்த பிள்ளை, கல்லூரியின் நடுவில் திடீரென வெளிநாட்டு மாணவராகிவிடுகிறார். இப்படி வளர்ந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் என்று இதற்காகக் குரல் கொடுக்கும் எம்.பி.க்களே சொல்கிறார்கள். சிறுவயதில் வந்தவர்களை நாடு கடத்தாமல் காக்க 2012இல் வந்த டாகா திட்டமும் இவர்களுக்கு உதவாது. அந்த ஆண்டு ஜூன் 15 அன்று சட்டப்படியான அந்தஸ்து இல்லாதவர்களுக்குத்தான் அது. ஒழுங்காக விசா எடுத்து வந்ததே தகுதிக் குறைவாகிப்போனது. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 2002இல் வந்த சிஎஸ்பிஏ என்ற சட்டம், ஐ-140 மனு முடிவாகாமல் நிலுவையில் கிடந்த நாட்களைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ள விடுகிறது. வரிசையில் உங்கள் தேதி நடப்புக்கு வரும்போது, அதாவது உங்கள் முறை வரும்போது, மகளுக்கு 21 வயது 10 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மனு 11 மாதம் நிலுவையில் இருந்திருந்தால் அவர் வயது 20 வருடம் 11 மாதம், தப்பித்தார். அதே மனுவைப் பிரீமியம் கட்டணம் கட்டி மூன்றே வாரத்தில் முடித்திருந்தால் கழிக்க அந்த மூன்று வாரம்தான். சீக்கிரம் முடியட்டும் என்று கட்டிய பணமே பிள்ளையை வெளியே தள்ளிவிடும். அதற்காகப் பிரீமியமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஹெச்-1பி ஆறு வருடம் முடியப்போகிறவருக்கு அது தேவைப்படலாம். முடிவெடுக்கும்போது பிள்ளையின் பிறந்த தேதியும் மேஜையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கம்பெனியின் வழக்கறிஞர் அதைத் தானாகக் கேட்பார் என்று நம்பியிருக்காதீர்கள்.

இன்னொன்று, யாருடைய முறை வந்தது என்று அரசு மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில் இரண்டு அட்டவணைகள் உண்டு. 2023 பிப்ரவரியிலிருந்து, எப்போது விண்ணப்பிக்கலாம் என்று சொல்லும், முன்னால் நகரும் ‘டேட்ஸ் ஃபார் ஃபைலிங்’ அட்டவணையை வைத்தும் வயதைக் கணக்கிட விட்டார்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் தாக்கலாகும் விண்ணப்பங்களுக்கு மறுபடி, கிரீன் கார்டே கொடுக்கும் தேதிகளான ‘ஃபைனல் ஆக்‌ஷன் டேட்ஸ்’ மட்டும்தான். பழைய கணக்கை நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் மறுபடி போட்டுப் பாருங்கள். தேதி நடப்புக்கு வந்த ஒரு வருடத்துக்குள் பிள்ளைக்கு விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பதும் இதே சட்டம்தான்.

அப்புறம், நான் அடிக்கடி பார்க்கும் ஒரு விபத்து. இந்தியாவில் சிறுவர் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்து வருடம்தான் செல்லும். விடுமுறை முடிந்து திரும்பும்போது விமான நிலைய அதிகாரி அப்பா அம்மாவுக்கு மூன்று வருடம் கொடுப்பார், எதுவரை தங்கலாம் என்ற பதிவான ஐ-94ஐப் பிள்ளைக்கு மட்டும் பாஸ்போர்ட் முடியும் தேதியோடு நிறுத்திவிடுவார். கையில் காகிதம் எதுவும் வராது. இணையத்தில் நாமே எடுத்துப் பார்க்க வேண்டும். வீட்டில் அப்ரூவல் நோட்டீஸ் மூன்று வருடம் காட்டுவதால் யாரும் பார்ப்பதில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் ஐ-94 தானாக நீளாது. 18 வயதுக்குப் பிறகு ஐ-94 முடிந்தும் இப்படி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு நாட்டை விட்டுப் போனால் மூன்று வருடம் திரும்ப முடியாது. ஒரு வருடத்தைத் தொட்டால் பத்து வருடம். அதேபோல, கம்பெனி அப்பாவின் ஹெச்-1பியை நீட்டித்தால் பிள்ளைக்கும் நீண்டுவிடாது. அதற்குத் தனியாக ஐ-539 விண்ணப்பம் போட வேண்டும்.

வயது கடந்துவிடும் என்று தெரிந்தால் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுவதுதான் வழக்கமான வழி. 21 ஆவதற்கு முன்பே தாக்கல் செய்யுங்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது தாத்தா பாட்டியைப் பார்க்க ஊருக்குப் போனால், கைவிட்டதாகக் கணக்கு. மாறியபின் போனாலும், திரும்ப எஃப்-1 முத்திரைக்குச் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நிற்க வேண்டும். படித்து முடித்துத் திரும்பிவிடுவேன் என்று, குடும்பமே அமெரிக்காவில் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளை அங்கே நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பாட்டியின் இறுதிச் சடங்குக்குக்கூடப் போகத் தயங்கியவர்கள் இருக்கிறார்கள்.

பலர் தவறவிடும் ஒரு சலுகை: வரிசை குடியுரிமையைப் பார்த்து அல்ல, பிறந்த நாட்டைப் பார்த்து. கணவன் மனைவியில் ஒருவர் குவைத்திலோ சிங்கப்பூரிலோ இலங்கையிலோ பிறந்திருந்தால், பொதுவாகக் குடும்பம் முழுவதும் அந்த நாட்டு வரிசைக்கு மாறலாம். பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள். பிள்ளை வேறு நாட்டில் பிறந்தது மட்டும் பெற்றோருக்கு உதவாது.

இந்தப் பிள்ளைகளுக்காக ‘அமெரிக்காஸ் சில்ட்ரன் ஆக்ட்’ என்ற மசோதா 2021இல் இரு கட்சியினர் ஆதரவோடு வந்தது, இன்னும் சட்டமாகவில்லை. உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதுங்கள், ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே வயதுக் கணக்கைப் போட்டுவிட்டு, பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள். ஹெச்-4இல் பகுதிநேர வேலை பார்க்க முடியாது, ஃபெடரல் கல்வி உதவி கிடையாது என்பதைக் கல்லூரிப் படிவம் நிரப்பும் இரவில்தான் பல பிள்ளைகள் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார்கள். எந்த மாநிலத்தில் உள்ளூர்க் கட்டணம் கிடைக்கும், எஃப்-1க்கு மாறினாலும் அது நிலைக்குமா என்று விசாரித்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு இரண்டு வருடமாவது வேண்டும்.