டாரிஃப் என்றால் வரியா, ரேட்டா?

"ஏனுங்க, டாரிஃப்னா வரிங்களா, ரேட்டுங்களா?" சோமனூர் டீக்கடையில் ஒரு தறிக்காரர் கேட்டார். அவர் கையிலிருந்த கரண்ட் பில்லில் '3ஏ2' என்று இருந்தது. விசைத்தறிக்கான டாரிஃப் அது. மேசையில் கிடந்த பேப்பரிலோ திருப்பூர் பனியனுக்கு அமெரிக்கா போட்ட டாரிஃப். 2025 ஆகஸ்ட் 27 முதல் அது 50 சதவீதம் ஆகியிருந்தது.

இரண்டும் சரிதான். ஆனால் பிறக்கும்போது இந்தச் சொல்லுக்கு வரி என்ற பொருளும் இல்லை, ரேட் என்ற பொருளும் இல்லை. அரபியில் 'தஃரீஃப்' என்றால் தெரியப்படுத்துவது. அறிதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. எந்தச் சரக்குக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று வியாபாரிக்குத் தெரியப்படுத்தும் பட்டியலை இத்தாலியர்கள் 'தாரிஃபா' என்றார்கள். அங்கிருந்து பிரெஞ்சு வழியாக, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குப் போனது. அப்புறம் பட்டியலின் பெயரே அதிலிருந்த வரிக்கும் ஒட்டிக்கொண்டது. இந்தி, உருது பேசுகிறவர்களிடம் 'தாரீஃப்' என்றால் புகழ்ச்சி! அதுவும் இதே சொல்தான்.

ஸ்பெயினில் தாரிஃபா என்ற துறைமுகம் இருக்கிறது. அங்கே வரி பிடுங்கியதால்தான் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. நம்ப வேண்டாம். 710இல் அங்கே வந்திறங்கிய தாரிஃப் என்ற படைத்தலைவரின் பெயர் அந்த ஊருக்கு. அரபி எழுத்தில் அதன் வேரே வேறு.

சரி, தமிழில்? கரண்ட் பில்லுக்குக் 'கட்டண வீதம்', லாட்ஜில் தொங்கும் அட்டைக்குக் 'கட்டணப் பட்டியல்'. அமெரிக்கா போடுவதற்கு வெறும் 'வரி' என்று எழுதுவது எனக்குப் போதாது. வீட்டு வரியும் வரிதானே! எல்லை தாண்டி வரும் சரக்கின் மேல் போடுவது என்பது 'இறக்குமதித் தீர்வை', 'சுங்க வரி' என்றால்தான் விளங்கும். குறளில் (756) இதற்கு 'உல்கு' என்று ஒரு சொல் இருக்கிறது. அழகான சொல், ஆனால் இன்று டீக்கடையில் சொன்னால் உரை எழுதித்தான் கொடுக்க வேண்டும். சுங்கத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. முதலாம் குலோத்துங்கனுக்கே 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். கோவையில் திருச்சி ரோட்டில், வாலாங்குளத்துக்குப் பக்கத்தில், சுங்கம் என்றே ஒரு பஸ் ஸ்டாப் இருக்கிறது. இன்றைக்கும் பஸ்ஸில் "சுங்கம் ஒண்ணு குடுங்க" என்றால் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார்.