பினாங்குல பொறந்தவங்களே, மலேசியக் குடியுரிமைய விட்டுடாதீங்க

மறுபடியும் அதே கேஸ். பல வருஷமா லண்டன்ல இருக்குற பினாங்கு அண்ணன் ஒருத்தர், மலேசியக் குடியுரிமைய விட்டுக்குடுத்து ஐசியையும் (மலேசிய அடையாள அட்டை) ஒப்படைச்சுட்டு, "இது பிரிட்டிஷ் பாஸ்போர்ட்தானே தம்பி, அப்புறம் ஏன் வேலை பாக்க விடமாட்டேங்கிறாங்க"ங்கிறார். இமிக்ரேஷன் வேலை பாக்குற எனக்கு இதக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. அவர் மேல இல்லங்க, இந்த யோசனைய அவர்கிட்ட காசு வாங்கிட்டு வித்த ஏஜென்ட் மேல.

பினாங்கும் மலாக்காவும் சுல்தான் ஆண்ட ஊர் இல்ல, நேரடி பிரிட்டிஷ் காலனி. அதனால 1957 ஆகஸ்ட் 31 மலாயா சுதந்திரம் வாங்குனப்பவும் அங்க பொறந்தவங்களுக்கு பிரிட்டனோட குடிமகன்ங்கிற பழைய அந்தஸ்து போகல. சுல்தான் ஆண்ட பேராக்ல இருக்குற ஈப்போக்காரங்களுக்கு பொதுவா இது கிடையாது.

ஆனா அந்த அந்தஸ்தோட மதிப்ப லண்டன் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சிடுச்சு. 1968ல, கிழக்கு ஆப்பிரிக்காவுல இருக்குற கென்யாவுல குடியிருந்த ஆசியர்கள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோட வர ஆரம்பிச்சதும் பிரதமர் வில்சனோட கவர்மென்ட் மூணே நாள்ல சட்டம் போட்டு, அப்பா அம்மா தாத்தா பாட்டின்னு யாராவது வழியா இங்க பிரிட்டன்ல தொடர்பு இருந்தாத்தான் உள்ள வரலாம்னு கதவச் சாத்துச்சு. 1983 ஜனவரி 1 நடைமுறைக்கு வந்த சட்டம், அப்படித் தொடர்பு இல்லாம மிச்சம் இருந்தவங்களுக்கு "பிரிட்டிஷ் ஓவர்சீஸ் சிட்டிசன்"னு பேர் வச்சிடுச்சு. பாஸ்போர்ட் தருவாங்க, தங்குற உரிமை தரமாட்டாங்க. நம்ப முடியலன்னா உங்க பாஸ்போர்ட்டையே தொறந்து பாருங்க, வச்சிருக்கிறவர் 1971 இமிக்ரேஷன் சட்டத்தோட கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்னு உள்ளயே போட்டிருக்கும். அட்டைய மட்டும் பாத்தா எப்படி? திரும்பவும் சொல்றேன், அந்தப் பாஸ்போர்ட் வச்சிருக்கிறதால மட்டும் இங்க வாழவோ வேலை பாக்கவோ முடியாது, பொறக்குற புள்ளைக்கு அது தானா போறதும் இல்ல.

இப்போ ஏஜென்ட் கதைக்கு வருவோம். 2002ல பிளங்கெட் உள்துறை அமைச்சரா இருந்தப்போ, வேற எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத ஓவர்சீஸ் சிட்டிசன்கள் முழு பிரிட்டிஷ் குடிமகனா பதிஞ்சுக்கலாம்னு கொண்டுவந்தாங்க, முக்கியமா அந்த கிழக்கு ஆப்பிரிக்க ஆசியர்களுக்காக. உடனே நம்ம ஏஜென்ட், "மலேசியாவ விட்டுட்டா நீயும் வேற குடியுரிமை இல்லாதவன்தானே"ன்னு ஆரம்பிச்சுட்டான். அதே சட்டத்துல, 2002 ஜூலை 4க்கு அப்புறம் நீங்க எதையாவது செஞ்சோ செய்யாமலோ இன்னொரு குடியுரிமைய இழந்திருந்தா கிடையாதுன்னு தெளிவா எழுதியிருக்கு, அத மட்டும் அவன் வாசிக்கல! கடைசில மலேசியாவும் இல்ல, பிரிட்டனும் இல்ல, மனுஷன் நடுத்தெருவுல.

தயவு செஞ்சு, புது குடியுரிமை கிடைக்கும்னு எழுத்துல பதில் வராம எந்த நாட்டுக் குடியுரிமையையும் விட்டுக்குடுக்காதீங்க. ஏஜென்ட் பதிவு பெற்ற ஆலோசகரான்னு முதல்ல பாருங்க. பழைய பாஸ்போர்ட், பொறப்பு சர்டிஃபிகேட் எதையும் தூக்கிப் போடாதீங்க.

ஏற்கனவே விட்டுட்டீங்களா? பயந்து ஒளிஞ்சு இருக்காதீங்க, வக்கீல பாருங்க. 2013லேர்ந்து நாடற்றவர்களுக்குன்னு ஒரு வழி இருக்கு, ஆனா வேற எந்த நாடும் உங்கள ஏத்துக்காதுன்னு காட்டணும், லேசான வேலை இல்ல. புள்ளைங்க விஷயம் வேற. இங்க பொறந்து முதல் 10 வருஷம் இங்கயே வளந்திருந்தா, உங்க அந்தஸ்து எப்படி இருந்தாலும் அவங்க பிரிட்டிஷ் குடிமகனா பதிஞ்சுக்கலாம், நடுவுல ரொம்ப நாள் வெளிநாட்டுல இருந்திருக்கக் கூடாது, அதுக்கு ஸ்கூல் லெட்டரும் ஜிபி (குடும்ப டாக்டர்) ரெக்கார்டும் இப்பவே வாங்கி ஃபைல்ல போட்டு வைங்க.