கொஞ்ச நாளாவே ஒழுகுது சாரே

கன்னியாகுமரி மாவட்டத்தில், அருமனைப் பக்கத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு. பக்கத்து விளையில் நின்ற அயினி மரம் ஒரு நாள் ராத்திரிக் காற்றில் சாய்ந்து கூரைமேல் விழுந்துவிட்டது. ஓட்டைத் தாங்கும் சட்டமான கழுக்கோல் ஏழு முறிந்தது, நடு அறை முழுக்க ஓட்டுச் சில்லு. சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் மறுநாளே வந்தார், பொறுமையாகப் பார்த்தார், போகும்போது சும்மா பேச்சுவாக்கில் கேட்பதுபோல "முன்னாடி ஒழுக்கு உண்டுமா அம்மா?" என்றார். தனியாக இருக்கும் வீட்டம்மா கள்ளம் தெரியாதவர். "பழைய வீடுல்லா, கொஞ்ச நாளாவே ஒழுகுது சாரே" என்று சொல்லிவிட்டார். அதை எழுதிக்கொண்டு கையெழுத்தும் வாங்கிப் போனார் அவர். ஒன்றரை மாதம் கழித்துக் கடிதம் வந்தது: கூரை ஏற்கெனவே நைந்திருந்தது, நாள்பட்ட தேய்மானத்துக்குப் பாலிசியில் இடமில்லை, எனவே கிளெய்ம் நிராகரிக்கப்படுகிறது.

அந்தக் கடிதத்தோடுதான் அவர் என்னிடம் வந்தார். நான் கட்டடப் பொறியாளர். பல வருடம் கம்பெனிகளுக்காகச் சேத மதிப்பீடு செய்தவன், இப்போது மேசையின் இந்தப் பக்கம், வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். (சர்வேயர் என்றதும் நம் ஊரில் பட்டாவையும் வரைபடத்தையும் எடுத்து வந்து நீட்டுவார்கள், பக்கத்து வீட்டுக்காரர் வேலியை நகர்த்திய கதையையும் சொல்வார்கள். இவர் நிலம் அளக்கிறவர் இல்லை என்று புரியவைப்பதற்குள் ஒரு கட்டன் சாயா ஆறிவிடும்.)

இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். வீட்டுக் காப்பீட்டுத் தகராறு பெரும்பாலும் தொகையைப் பற்றியதாகத் தெரியும், ஆனால் சண்டை நடப்பது காரணத்தின் மேல். என்ன உடைந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. எதனால் உடைந்தது என்ற ஒரே கேள்வியில்தான் பணம் நிற்கும், அல்லது போகும். அந்தக் கேள்விக்கு முதல் இரண்டு நாளில் வீட்டுக்காரரே, தெரியாமலே, பதில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் வீட்டுக்கென்று 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தர வேண்டும் என்று விதி வந்தது. புயல், வெள்ளம், இடி, நிலச்சரிவு, தண்ணீர்த் தொட்டி உடைதல் எல்லாம் அதில் உண்டு. வெளிப்பொருள் வந்து மோதும் சேதத்துக்கு உதாரணமாக விழும் மரத்தையே அதில் அச்சடித்திருக்கிறார்கள். காம்பவுண்ட் சுவர், மண் தாங்கும் தடுப்புச் சுவர், செப்டிக் டேங்க் எல்லாமே கட்டடத்தின் பகுதியாகத்தான் கணக்கு. மலையோரத்தில் வீடு கட்டியவர்களுக்கு இதுவே பெரிய விஷயம், பலருக்கும் தெரியாத விஷயமும் கூட.

சரி, அருமனை வீட்டுக்கு வருவோம். ஒழுக்கு இருந்தது உண்மை. அதை மறைக்கச் சொல்லவில்லை, மறைக்கவும் கூடாது. ஆனால் ஒழுகும் கூரை தானாக முறிந்து விழவில்லையே. நல்ல கூரையாக இருந்திருந்தால் அந்த மரத்தைத் தாங்கியிருக்குமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. முறிந்த கழுக்கோல்களை அந்த அம்மா விறகாக்காமல் அடுக்களைப் பின்புறம் சாத்தி வைத்திருந்தது எங்கள் அதிர்ஷ்டம். உளுத்த மரம் உடைந்தால் முறிவு சொரசொரவென்று பொடியாக இருக்கும். பலமான மரம் அடிபட்டு முறிந்தால் நார் நாராகப் பிளந்து, உள்ளே வெளுப்பாகத் தெரியும். ஏழில் ஆறு நாராகப் பிளந்திருந்தன. ஒன்றில் மட்டும் கறையான் இருந்தது. ஏழையும் படம் எடுத்தேன், கறையான் அரித்ததையும் சேர்த்துத்தான். அதை விட்டிருந்தால் மற்ற ஆறையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

சுவர் விரிசலுக்கும் இப்படி ஒரு சாட்சி உண்டு. பழைய விரிசலின் ஓரம் மழுங்கியிருக்கும், உள்ளே தூசி, எட்டுக்கால் பூச்சியின் வலை, சில சமயம் போன வருடத்துப் பெயின்ட். புது விரிசல் கத்தி போல இருக்கும். சர்வேயர் வருவதற்கு முன்பே சிமென்ட் பூசி மறைத்துவிட்டால் அந்தச் சாட்சி செத்துப்போகும். நம் ஆட்கள் சுத்தக்காரர்கள், வெள்ளம் வடிந்த அன்றே வீட்டைக் கழுவி விடுவார்கள். கழுவுங்கள், ஆனால் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளவு நாடா வைத்துப் படமெடுத்த பிறகு கழுவுங்கள். கூரைக்குத் தார்ப்பாய் போடுவது தப்பில்லை, மேலும் சேதமாகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமையும்தான். உடைந்த ஓடுகளை மட்டும் குப்பையில் கொட்டாதீர்கள்.

மழைக்கு ஆதாரம் கேட்டால் நம் மாவட்டத்தில் அது சுலபம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, பாலமோர், குழித்துறை, தக்கலை என்று இடம் வாரியாக மழை அளவு உள்ளூர்ப் பத்திரிகைப் பக்கத்தில் வரும். அந்தத் தாளை எடுத்து வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது புயல் வந்தது என்பதற்கு ஆதாரமே தேவைப்படவில்லை, மாவட்டமே சாட்சி. ஆனால் ஒரு தெருவில் மட்டும் வீசிவிட்டுப் போகும் காற்றுக்கு யார் சாட்சி?

கடலோரத்துச் சிக்கல் வேறு. கள்ளக்கடல் (சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று பொங்கும் கடல்) ஏறி வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அது வெள்ளச் சேதம். அலை அடித்தளத்து மண்ணை அரித்துக்கொண்டு போய்ச் சுவர் இறங்கினால் 'கடலரிப்பு விலக்கு', அதாவது அதற்குப் பாலிசியில் பணம் கிடையாது என்று கடிதம் வரும். ஒரே ராத்திரியில் இரண்டும் நடந்திருக்கும், கடிதத்தில் ஒன்றுதான் இருக்கும். பாலிசியை எடுத்துப் பாருங்கள். கடலரிப்பு, ஆற்றரிப்பு விலக்கு நிலம் அமிழ்தல், நிலச்சரிவு என்ற வரிசைக்கு எதிரேதான் அச்சாகியிருக்கிறது, வெள்ளம் என்ற வரிசைக்கு எதிரே இல்லை. தண்ணீர் புகுந்து கெட்ட கதவு, மின்வயரிங், தரை ஆகியவற்றைத் தனியாகவும், இறங்கிய சுவரைத் தனியாகவும் பட்டியல் போட்டுக் கேட்டால் ஒரு விலக்கைக் காட்டி மொத்தத்தையும் தள்ள முடியாது. குளச்சலுக்குத் தெற்கே ஒரு வீட்டுக்கு இப்படிப் பிரித்து எழுதிக் கொடுத்தோம். சுவருக்குக் கிடைக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் கிடைத்திருக்கவும் கூடாது. மற்றதற்குக் கிடைத்தது.

வங்கிக் கடனில் கட்டிய வீடென்றால் முதலில் வங்கிக்குப் போய்ப் பாலிசி நகலை வாங்குங்கள். கடன் தொகைக்கு மட்டும் போட்டு, வீட்டுச் சாமானைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். பழைய தீக் காப்பீட்டுப் பாலிசியாக இருந்தால் இன்னொரு வம்பு: வீட்டின் மதிப்பில் பாதிக்குத்தான் காப்பீடு என்றால் சேதத்திலும் பாதிதான் தருவார்கள். கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு கிடையாது. கல்ஃபில் இருப்பவர்கள் பூட்டிப் போட்ட வீட்டுக்கும் பழைய பாலிசியில் கண்டம் உண்டு, முப்பது நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் கம்பெனியின் சம்மதம் வேண்டும்.

காலக்கெடுவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை, அது கிடைத்த 7 நாளில் முடிவு. அறிக்கையின் நகலை எழுத்தில் கேளுங்கள். அதைப் படிக்காமல் பதில் எழுதுவது இருட்டில் கல்லெறிவது. சர்வேயர் எழுதியதே கடைசி வார்த்தை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2009-இலேயே சொல்லிவிட்டது. நான் எழுதிய அறிக்கைகளுக்கும் அது பொருந்தும்.

முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்குக் கடிதம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் கம்பெனிக்கு வெளியே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) போகலாம், அதற்கு ஒரு வருடம் அவகாசம். கட்டணம் இல்லை, வக்கீலும் கிடையாது, 50 லட்சம் ரூபாய் வரை உத்தரவிடலாம். நமக்குச் சென்னை அலுவலகம். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வீடு, பாலிசி எடுத்தது திருவனந்தபுரத்துக் கிளையில் என்பவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. கேரளத்துக்குக் கொச்சி அலுவலகம் தனியாக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்துச் சென்னையிலேயே கொடுக்கலாம். அங்கே வரும் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

அருமனை அம்மாவுக்குக் குறைதீர் அலுவலர் மட்டத்திலேயே கம்பெனி இறங்கி வந்தது. கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். கூடவே 'முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்' என்று ஒரு ரசீது. கையில் பணமில்லாதவர் அதில் கையெழுத்துப் போடுவது இயல்பு. அந்த வரிக்குக் கீழே 'மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல்' என்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்திடச் சொன்னேன். கம்பெனி ஆள் முகம் சுளித்தார், ஆனால் வாங்கிக்கொண்டார். மீதிக்குச் சென்னைக்கு மனு போட்டோம். விசாரணை வீடியோவில் நடந்தது, பேரன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். கறையான் அரித்த ஒரு கழுக்கோலைக் கழித்துவிட்டு மற்றதைத் தரச் சொல்லி உத்தரவு வந்தது.

உத்தரவு நகலைக் கொடுக்கப் போனேன். புதுக் கூரையின் கீழ் சாயா தந்தார். பிறகு அடுக்களைப் பக்கம் கையைக் காட்டிக் கேட்டார்:

"இனி அந்த உடைஞ்ச ஓட்ட எல்லாம் கொண்டு தட்டலாமா சாரே?"

"பணம் பாங்கில ஏறட்டும் அம்மா" என்றேன்.