நுரையீரல் கட்டியைச் சுடும்போது வலியை ஏன் பொறுக்கக் கூடாது

சென்ற மாதம், அறுபது வயதைக் கடந்த ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோயிலிருந்து நுரையீரலுக்குப் பரவியிருந்த 2 சென்டிமீட்டர் கட்டியை, சி.டி. ஸ்கேன் உதவியுடன் மைக்ரோவேவ் ஊசியால் (நுண்ணலைகளின் சூட்டில் கட்டியை அழிக்கும் ஊசி) சுட்டுக்கொண்டிருந்தபோது, அவர் வலி தாளாமல் எழ முயன்றதால் சிகிச்சையைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது. தோலில் மரத்துப்போகும் ஊசியும் லேசான தூக்க மருந்தும் மட்டுமே அவருக்குத் தரப்பட்டிருந்தன; மயக்கவியல் மருத்துவரான என்னை அழைத்தது அதற்குப் பிறகுதான். "தொடக்கத்திலிருந்தே சுட்டது, ஊசிதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்" என்றார். இதே சொற்களை நான் பலமுறை கேட்டுவிட்டேன்.

"நுரையீரலுக்கு வலி தெரியாது" என்பதை நோயாளிகள் மட்டுமல்லாமல் மருத்துவம் படித்தவர்களும் சொல்கிறார்கள். நுரையீரல் திசுவுக்கும் அதை ஒட்டிய உள் உறைக்கும் அது பொருந்தும். ஆனால் மார்புச் சுவரின் உட்புறத்தில் படிந்திருக்கும் வெளி உறைக்கு விலா நரம்புகள் வருகின்றன. தோலில் சூடு பட்டால் எப்படி உணர்வோமோ அப்படியே அந்த உறையும் உணரும். கட்டியைச் சுற்றிலும் அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் நல்ல திசுவையும் சேர்த்துச் சுட்டால்தான் நோய் அங்கேயே திரும்பாது. ஆகவே மார்புச் சுவரிலிருந்து 1 சென்டிமீட்டருக்குள் கட்டி இருந்தால், 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும் சூடு அந்த உறையை எட்டவே செய்யும். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் அருகே என்றால் வலி தோளில் தெரியும். அங்கே தோளைப் பிடித்துவிடுவதால் ஒரு பயனும் இல்லை.

வலியால் மூச்சு தாறுமாறானால் ஊசி விலகும், சூட்டைக் குறைக்க நேரும், கட்டியின் ஒரு பகுதி உயிரோடு மிஞ்சும். பொறுமை இங்கே நோய்க்குத்தான் உதவுகிறது.

வழிகள் இல்லாமல் இல்லை. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் மருந்தைத் தோலோடு நிறுத்தாமல் வெளி உறைவரை செலுத்தி, அது வேலை செய்யச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். இளைய மருத்துவர்கள் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். அல்ட்ராசவுண்டில் பார்த்து விலா நரம்பையோ முதுகெலும்பின் பக்கவாட்டையோ மரக்கச் செய்தால் பல மணி நேரம் வலி அடங்கியிருக்கும். இரண்டு உறைகளுக்கும் இடையே சிறிது காற்றைச் செலுத்திக் கட்டியைச் சுவரிலிருந்து விலக்கிவிட்டுச் சுடுவதும் உண்டு. இவை போதாத இடத்தில் முழு மயக்கமே முறையானது. "வயதானவர், மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்க மாட்டார்" என்று தடுக்கும் உறவினர்களை நான் மன்றாடிக் கேட்கிறேன்: இதயத்தையும் நுரையீரலையும் பரிசோதித்த பின்னரே அதை முடிவு செய்கிறோம், அந்த முடிவை எங்களோடு பேசி எடுங்கள்.

கட்டி மார்புச் சுவருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, வலிக்கு என்ன ஏற்பாடு என்று முந்தைய நாளே கேளுங்கள். குறட்டை, பழைய அறுவை சிகிச்சையில் மயக்க மருந்தால் வந்த தொல்லை ஆகியவற்றை மறைக்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். 'ஒரே ஒரு இட்லி' என்றாலும் சாப்பாடுதான். சூடு தெரியத் தொடங்கிய உடனே வாயால் சொல்லுங்கள், உடலை அசைக்காதீர்கள்.

வீடு திரும்பிய பின் ஒரு வாரம்வரை லேசான காய்ச்சலும் மார்பு வலியும் இருக்கலாம். பாராசிட்டமாலைச் சொன்ன நேரத்தில் போடுங்கள், மருந்துக் கடையில் வேறு வலி மாத்திரை வாங்காதீர்கள். திடீரென்று மார்பு குத்தி மூச்சு வாங்கினால் அது நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்ததாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.