மூலோபாயத் தீர்மானம்: சொல் விளக்கம்

வன்னியின் அரச அலுவலகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் ‘மூலோபாயம்’ என்ற சொல் திட்ட அறிக்கைகளின் தலைப்பில் நிலைபெற்றுவிட்டது. ஆயினும் எத்தகைய முடிவை அது குறிக்கிறது என்பதில் தெளிவு போதாது. மூலம், உபாயம் என்னும் வடசொற்கள் புணர்ந்து பிறந்த இச்சொல், ‘ஸ்ட்ராடஜி’ என்பதற்கு இலங்கையில் வழங்கும் பெயராகும். அந்த ஆங்கிலச் சொல்லோ, படையை நடத்துபவன் எனப் பொருள்படும் ‘ஸ்ட்ராடெகோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது.

கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்காக, அதாவது மாரிப் போகத்தை அடுத்து வரும் நெற்செய்கைக்காக, நடக்கும் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். மாரி பொய்த்துக் குளத்தில் நீர் குறைந்த ஆண்டில், எத்தனை ஏக்கர் விதைப்பது, அதை யார் யாருக்குப் பங்கிடுவது என்று கமக்கார அமைப்புகளும் நீர்ப்பாசனப் பொறியியலாளர்களும் கூடி முடிவெடுப்பது மூலோபாயத் தீர்மானம். எந்த வாய்க்காலுக்கு எந்த நாளில் நீர் விடுவது என்பது தந்திரோபாயம். பின்னது பிழைத்தால் அடுத்த முறை நீர் விடும்போதே திருத்திக்கொள்ளலாம். முன்னது பிழைத்தாலோ, கதிர் பால்பிடிக்கும் வேளையில் குளம் வற்றி வயல் கருகும்.

நெருக்கடியில் இத்தகைய முடிவு இன்னும் கடினமாகிறது. முதன்மையான நோக்கங்களுக்கு அச்சுறுத்தல், குறுகிய அவகாசம், எதிர்பாராமை ஆகிய மூன்றையும் நிறுவன நெருக்கடியின் அடையாளங்களாக அமெரிக்க ஆய்வாளர் சார்ள்ஸ் ஹேர்மன் 1963இல் வகுத்தார். ‘நெருக்கடி’ என்ற நம் சொல் அழுத்தத்தைக் காட்டுகிறது. ‘கிரைசிஸ்’ என்பதன் கிரேக்க மூலமோ பிரித்தறிந்து முடிவுசெய்தலையே குறித்தது. அச்சுறுத்தல் வேளையில் அதிகாரம் மேலே குவிந்து, தகவல் வரும் வழிகள் சுருங்கும் என்று நிறுவன நடத்தை ஆய்வாளர் பரி ஸ்டோவும் இணை ஆய்வாளர்களும் 1981இல் எழுதினர். கடைசி வாய்க்காலில் நீர் ஏறாததை நேரில் கண்ட கமக்காரரின் குரல் மிகவும் தேவைப்படும் வேளையிலேயே அது மேடைக்கு எட்டாமற் போகிறது.

‘ஸ்ட்ராடஜி’யைத் தமிழகத்தில் ‘வியூகம்’, ‘உத்தி’ என்பர். வியூகம் படை அணிவகுப்பு. போரின் வடு ஆறாத மண்ணில் ஊர்ச் சங்கக் கூட்டத்துக்கு அச்சொல்லைக் கொண்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை. “சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது” என்ற குறளில் (671) சூழ்ச்சி கலந்தாய்வையும் துணிவு முடிவையும் குறிக்கின்றன, தாழ்ச்சியாவது காலதாழ்வு. குழுவாக முடிவெடுத்தலை இதைவிடச் செறிவாகச் சொன்ன தமிழை நான் கண்டதில்லை. எனினும் இன்று சூழ்ச்சி சதியாகவும் துணிவு தைரியமாகவும் பொருள் திரிந்துவிட்டதால், அவற்றை அலுவலக எழுத்தில் மீட்பது குழப்பமே தரும். ஆகவே ‘உத்திசார் முடிவு’ என்பதையே பரிந்துரைக்கிறேன். அரச ஆவணங்களை மேற்கோள் காட்டுமிடத்து ‘மூலோபாயத் தீர்மானம்’ என்பதை உள்ளவாறே எழுதலாம்.